மாடி ரூமுக்குத் தனி மீட்டர்

போன வாரம் நான் செய்த காரியம் உங்களுக்கும் எனக்கும் அம்பலவாணனுக்கும் மட்டும்தான் அப்போது தெரியும். காரைக்கால் பாரதியார் சாலையில் இத்தனை வருஷம் நான் உட்கார்ந்து ஈ ஓட்டிய 'நௌஷின் ஜவுளிக்கடை'யை, செல்போன் ஷோரூம் வைப்பதற்காக அம்பலவாணனுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காதவன் போல மீன் ஆணம் ஊற்றிச் சாப்பிட்டேன். தொண்டையில் முள்கூடச் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் மனைவி பத்ருன்னிசாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள் என்று போன வாரமே இங்கே கேட்டுக்கொண்டேன். இந்தப் பத்திரிகையில் அவள் சமையல் பக்கத்தைத் தாண்டி வருவதில்லை என்கிற ஒரே தைரியத்தில்தான் சேக் பரீதாகிய நான் வாராவாரம் இப்படி உளறிக்கொண்டிருக்கிறேன். மகள் நௌஷினிடமும் வேண்டாம் என்றேன். பெயர்ப்பலகையில் இருப்பது அவள் பெயர். பலகையை இறக்கும்போது அவளிடம் என்ன சொல்வது என்று நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலைப் பசியாறி நான் கை கழுவுவதற்குள் நௌஷின் ஓர் அட்டைப்பெட்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டாள். முதல் நாள் குவைத்திலிருந்து வந்து இறங்கிய, பக்கத்து ஊரான நெரவிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பார்சலில், பால்பவுடருக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் இருந்த பெட்டி. அனுப்பியவர் அவள் புருஷன், என் மருமகன் சஃபியுல்லா.

"அத்தா, வந்துருச்சு" என்றாள்.

அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அதனால் பெட்டிக்குள் என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே நானும் சிரித்துவிட்டேன்.

உள்ளே சோப்புக்கட்டி அளவில் இரண்டு வெள்ளை டப்பா. ஒவ்வொன்றின் முதுகிலும் குவைத்துக்கே உரிய மூன்று சதுர முள். வயிற்றில் நெட் வயர் செருக ஓர் ஓட்டை.

"இதுல ஒண்ணை மோடத்துக்குப் பக்கத்துல கரண்டு பாயிண்ட்ல சொருகணும். இன்னொண்ணை என் ரூம்ல சொருகணும். அவ்வளவுதான். கரண்டு வயர் வழியாவே நெட்டு போயிரும்."

"கரண்டோடவா?"

"கரண்டோடதான்."

"மேல நீ வயரை எடுத்து லேப்டாப்ல மாட்டுவே. கரண்டு எது, நெட்டு எதுன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதுக்குத் தெரியும் அத்தா. நமக்குத் தெரியலேன்னா பரவால்ல."

இந்த டப்பாவுக்காக அவள் எத்தனை மாதம் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் "பாக்குறேன்", "இந்த மாசம் கடைப்பக்கம் போகல", "அடுத்த ஆள் வரும்போது குடுத்து விடுறேன்" என்றுதான் மாப்பிள்ளை சொல்லிவந்தார். இந்த முறை என்ன நினைத்தாரோ, அனுப்பிவிட்டார்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமையை நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். போனும், வயர் மாட்டினால்தான் நெட் தருகிற பழைய மோடமும் ஹாலில். அதனால் லேப்டாப்பும் ஹாலில். பத்ருன்னிசா பின்னிப்போட்ட பூவேலை உறைக்குள் அது வாரம் முழுக்கத் தூங்கும். வெள்ளிக்கிழமை சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் உறையை எடுத்தால், திரையில் மாப்பிள்ளை. முதலில் நான் பேசுவேன். எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் நிறையப் பேசுவேன். அப்புறம் பத்ருன்னிசா. அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது எட்டிப் பார்த்து சலாம் சொல்வார்கள். கடைசியில் நௌஷின்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஓவர் பார்க்கிறவர்கள் மாதிரி, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குமேல் யாரால்தான் பேச முடியும்?

எனக்கு அந்தத் திரையில் மாப்பிள்ளையைவிட அவருக்குப் பின்னால் தொங்குகிற திரைச்சீலை மேல்தான் கண். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி. என் கடைத் துணிதான். எவ்வளவு கூவியும் விற்காமல் கிடந்த துணிக்கட்டு. போன லீவு முடிந்து கிளம்பும்போது, ரூம் ஜன்னலுக்கு வேண்டும் என்று கேட்டார். தாராளமாகவே கேட்டார்.

"இவ்வளவா? ஜன்னல் என்ன பெருசா மாப்பிள்ள?"

"ஆமா மாமா. பெரிய ஜன்னல்."

கிழித்துக் கொடுத்தேன். காரைக்காலில் யாரும் சீண்டாத என் துணி, இன்டர்நெட்டில் வாராவாரம் வருகிறது. எந்த ஜவுளிக்கடைக்காரனுக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை?

நௌஷினுக்காக நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். மாடிக்கு நீளமாக ஒரு வயர் வாங்கிப் படிவழியாக இழுத்தேன். மறுநாள் காலையில் அதே வயர் தடுக்கி நானே விழுந்தேன். முழங்கால் இன்னும் அந்த வயரை மறக்கவில்லை. சுவரில் துளை போடலாம் என்றேன். "துளை போட்டா மழைத்தண்ணி உள்ள வரும், வேற யோசனை இருந்தா சொல்லுங்க" என்றாள் பத்ருன்னிசா. என்னிடம் வேறு யோசனை இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

ஆகவே டப்பா. ஒன்றை ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில் செருகினாள். சதுர முள்ளுக்கு ஏற்ற மாற்று பிளக், குவைத்துப் பணத்தில் சோறு தின்கிற எந்த வீட்டிலும் மேசை டிராயரில் கிடக்கும். எங்கள் வீட்டிலும் கிடந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பச்சை விளக்கு எரிந்தால் நெட் வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

நான் நடுப்படியில் நின்றேன். மேலேயிருந்து வருவதைக் கீழேயும் கீழேயிருந்து வருவதை மேலேயும் அனுப்புவது என் வேலை. யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு டப்பாதான்.

"எரியுதா புள்ள?"

"எரியல!"

"எரியலயாம்!"

"எனக்கே காது கேக்குதுங்க" என்றாள் பத்ருன்னிசா.

கட்டிலுக்குப் பக்கத்துப் பாயிண்ட், கண்ணாடி மேசைப் பாயிண்ட், கதவோரத்துப் பாயிண்ட். எதிலும் எரியவில்லை. டப்பா கெட்டுப்போய்விட்டதோ என்று கீழே கொண்டுவந்து அடுப்படியில் மிக்சி பாயிண்ட்டில் செருகினாள். பளிச்சென்று பச்சை. பாத்ரூம் ஹீட்டர் பாயிண்ட்டில் பச்சை. கொல்லைப்புறத்தில் மோட்டார் பாயிண்ட்டில்கூடப் பச்சை.

"மிக்சிக்கு நெட்டு வருது. மோட்டாருக்கு வருது. எனக்கு மட்டும் வரல" என்றாள் நௌஷின்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் போய் நின்று சுவரையே பார்த்தாள். நான் கால் தாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அங்கே இரண்டு மீட்டர் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஒன்று பழசு. ஒன்று புதுசு.

"அத்தா, இந்த டப்பா ஒரே மீட்டருக்குள்ளதான் பேசிக்கும்போல. என் ரூமு வேற மீட்டர்."

"ஆமா."

"இது யார் யோசனை?"

"இந்த வீட்டுல யோசனைன்னு ஒண்ணு வந்தா யாருக்கு வரும்?" என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

என் யோசனைதான். எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சஃபியுல்லாவும் அப்படித்தான், ஒரு பெட்டியும் ஏகப்பட்ட கூச்சமுமாக வந்தார். மாமனார் வீட்டு ஃபேன் காற்றில் படுத்திருக்கிறான் என்று நாளைக்கு யாரும் அவரைச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். அதற்காகக் கல்யாணத்துக்கு முன்னாலேயே மாடி ரூமுக்கு மட்டும் தனி மீட்டர் போட வைத்தேன். அவர் கரண்டு, அவர் பில், அவர் கௌரவம். விருந்துக்கு வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த மீட்டரைக் காட்டினேன். மாப்பிள்ளைக்கும் காட்டினேன். அவர் சிரித்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நானும் சிரித்தேன்.

நௌஷின் டப்பாவை அதன் அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். அவசரப்படாமல், வந்தபோது இருந்த மாதிரியே மடிப்பு மாறாமல் வைத்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னிக்கும் ஹால்லயே பேசிக்கலாம்மா. அடுத்த வாரம் ஒயர்மேனைக் கூப்பிட்டு…"

"அடுத்த வாரம் நான் கேக்கமாட்டேன் அத்தா. இன்னிக்குக் கேக்கணும்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன்."

"என்ன கேக்கணும்?"

படியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் நானும் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். எழுந்திருப்பதைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

"என்னை அங்க கூப்பிட்டுக்குவாங்களா, இல்ல அவங்க இங்க வந்துருவாங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லிக் கேக்கணும். தனி ரூமு இருக்குன்னு சொல்றாங்க. பெரிய ஜன்னல் இருக்குன்னு சொல்றாங்க. அந்த ரூமுல எனக்கு ஒரு மூலை இல்லையா அத்தா? ஜாடையாக் கேட்டா, லைன் சரியில்லன்னு சொல்லிடுறாங்க. அத்தாவைக் கூப்பிடுன்னு சொல்லிடுறாங்க. ஒருவேளை…"

"ஒருவேளை?"

"ஒருவேளை நான் வர்றது அவங்களுக்கு இஷ்டம் இல்லையோ என்னவோ. அதை ஹால்ல வச்சுக் கேட்டு, ஆமான்னு அவங்க முகம் சொன்னா, அதை நீங்க எல்லாரும் பாப்பீங்க. நான் மட்டும் பாத்தா தாங்கிக்குவேன்."

அவள் தலையில் கையை வைத்தேன். குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். திரையில் ஈரம் தெரியாது. இருந்தாலும் ஊற்றியிருக்கிறாள்.

அப்போது பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. அம்பலவாணன்.

என் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தத்தை முழுசாகத் திறந்து வைத்திருப்பேன். எனக்குப் போன் வந்தால் பேசுகிறவர் குரல் நாகூர் வரைக்கும் கேட்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆகையால் எடுக்காமல் அமுக்கிவிட்டேன்.

"யாருத்தா?"

"ராங் நம்பர்."

"எடுக்காமலே ராங் நம்பர்னு தெரியுதா?" என்றாள் பத்ருன்னிசா. மதிய ஜும்ஆ தொழுகைக்கு நான் போட்டுக்கொள்ளும் ஜிப்பாவுக்கு அவள் ஹாலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மாடியைப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த மாடி ரூமுல பீரோவுக்குப் பின்னால ஒரு பாயிண்ட் இருக்குமே?"

"எந்தப் பாயிண்ட்?"

"கல்யாணத்துக்கு முன்னால அங்கதானே நான் இஸ்திரி போடுவேன். போட்டா கீழ பியூஸ் போயிரும், நீங்க கத்துவீங்க. புது மீட்டர் போட்டப்ப அதை மாத்துனாங்களா?"

எனக்கு ஞாபகம் வந்தது. மாற்றவில்லை, அது இன்னும் பழைய மீட்டரில்தான் இருக்கிறது. சீர் பீரோவை அதற்குள் கொண்டுவந்து வைத்து, புடவையும் பாத்திரமுமாக அடைத்தாயிற்று. பீரோவை நகர்த்தினால்தான் அந்தப் பாயிண்ட்டைப் புது லைனுக்கு மாற்ற முடியும் என்றார் ஒயர்மேன். நகர்த்தச் சோம்பல்பட்டு, "கிடக்கட்டும், பீரோவுக்குப் பின்னால யாரு போய்ப் பாக்கப்போறா" என்று சொன்னவன் நான்.

என் வாழ்நாளில் சுறுசுறுப்பாகச் செய்த ஒரு காரியம் மகளுக்கு வினையாக வந்து நிற்கிறது. சோம்பேறித்தனமாக விட்ட ஒன்று கைகொடுக்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜும்ஆ முடிந்து வந்து, நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிட்ட கையோடு மூன்று பேருமாகப் பீரோவைத் தள்ளினோம். நான் தள்ளியதைவிட அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்ததுதான் அதிகம் என்று பத்ருன்னிசா சொன்னாள். பீரோ நகர்ந்தது. சுவரில் ஒட்டடைக்கு நடுவே, பல்லி முட்டையும் காய்ந்த பெயிண்ட்டுமாக அந்தப் பாயிண்ட் இருந்தது.

நௌஷின் டப்பாவைச் செருகினாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் சிவப்பு. நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம். ஒரு மின்னு மின்னிவிட்டுப் பச்சை.

நௌஷின் புடவை முந்தானையால் பாயிண்ட்டைச் சுற்றி இருந்த தூசியை மெதுவாகத் துடைத்தாள்.

டப்பாவிலிருந்து லேப்டாப்புக்குப் போகிற வயர் முழ நீளம்தான். பீரோவை அதற்குமேல் தள்ள எங்களால் ஆகவில்லை. அதனால் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் அவள் பாயை மடித்துப் போட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். வீடே அவளுடையது. அவளுக்குப் புருஷனோடு பேசக் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஆனாலும் எங்களைப் பார்த்து, "கதவைச் சாத்திட்டுப் போங்க" என்று அவள் சொன்னபோது, அந்தக் குரலில் இருந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

சாத்திவிட்டு இறங்கினோம்.

அசர் தொழுதுவிட்டு ஹாலுக்கு வந்தால், பத்ருன்னிசா நல்ல புடவை கட்டி, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேசை காலி. அந்தப் பூவேலை உறை மட்டும் மடித்துக் கிடந்தது.

"நீ எதுக்கு ஜோடிச்சிருக்கே?" என்றேன்.

"பழக்கம்."

நானும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். என் சட்டையும் இஸ்திரி போட்ட சட்டைதான்.

மோடத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்த டப்பாவில் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. துடித்தால் பேச்சு போய்வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு பேரும் அதையே பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மாப்பிள்ளை வரலியா?" என்றாள்.

"வந்திருக்காரு. மாடியில இருக்காரு" என்றாள் பத்ருன்னிசா.

அந்தம்மா அண்ணாந்து மாடியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போனாள்.

"இந்த வாரம் எளச்சிருப்பாரோ?"

"யாருக்குத் தெரியும்."

"இருமல் இருந்துச்சே போன வாரம். கேட்டிருப்பாளா?"

"கேட்டிருப்பா."

"நீங்க கதவுகிட்ட போயி…"

"போகமாட்டேன்."

"நான் போகச் சொல்லலையே. கதவுகிட்ட போயிடாதீங்கன்னுதான் சொல்ல வந்தேன்."

அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமைகளும் மாப்பிள்ளையிடம் பேசிப் பேசி, எங்களுக்குள் பேசுவதை விட்டுவிட்டோம் என்பது அந்தக் காலி மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஃபேன் சுற்றியது. அது பழைய மீட்டர்.

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே மாடிக் கதவு திறந்தது. நௌஷின் இறங்கி வந்தாள். அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரியும், ஏதாவது கோமாளித்தனம் செய்வேன். அவள் அழவில்லை.

"அத்தா, அவங்களுக்குத் திரைச்சீலை எவ்வளவு கிழிச்சீங்க?"

"எந்தத் திரைச்சீலை?"

"அந்த நீலப்பூ."

"நெறைய கேட்டாரு. பெரிய ஜன்னல்னு…"

"அதுக்குப் பின்னால ஜன்னல் இல்லத்தா."

அவள் சொல்லி முடிக்குமுன்பே எனக்கு அளவு புரிந்துவிட்டது. காலமெல்லாம் துணி கிழித்தவன் நான். எந்த ஜன்னலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்ணாலேயே சொல்வேன். அவர் கேட்டது எந்த ஜன்னலின் அளவும் இல்லை. ஒரு கட்டிலின் தலைமாடு, கால்மாடு, திறந்த பக்கம், மூன்றையும் சுற்றி மறைக்கிற அளவு. மேலே இன்னொரு ஆள் படுக்கிற அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு. கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் ஜன்னலை நினைத்திருக்கிறேன்.

"நான் கேட்டேன் அத்தா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு. அவங்க கையை நீட்டித் திரையை ஒதுக்கிக் காட்டுனாங்க. ரூமு நெறைய கட்டில். மேலயும் கீழயும் ஆளு. நாங்க பேசுறது கேக்கக் கூடாதுன்னு எல்லாரும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருக்காங்க. ஒருத்தர் தலையில துண்டைப் போட்டு மூடியிருக்காரு. எனக்கு இங்க ஒரு ரூமு கெடைக்கணும்னு நான் அவ்வளவு அடம்பிடிச்சேன். அவங்களுக்கு அங்க ரூமே இல்ல."

பத்ருன்னிசா முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தனி ரூமுன்னு ஏன் சொன்னாராம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நௌஷின் மாடிப்படிக்கு அடியில் பார்த்தாள்.

"தனி மீட்டர் போட்டுக் குடுத்த வீட்டுல போயி, எனக்குப் படுக்க ஒரு கட்டில்தான் இருக்குன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டாங்க."

மாப்பிள்ளை அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. லைன் ரொம்ப மெதுவான லைன்.

"நான் சொல்லிட்டேன் அத்தா. போதும், வந்துருங்கன்னு. வந்து என்ன செய்றதுன்னாங்க. நம்ம கடை இருக்குல்ல, அத்தாவுக்கும் முழங்கால் முடியல, நீங்க பாத்துக்கலாம்னு சொன்னேன். 'உங்க அத்தா குடுப்பாரா, கேட்டுட்டு வா'ன்னாங்க. லைனைக் கட் பண்ணல. அங்கதான் உக்காந்திருக்காங்க."

நான் டப்பாவைப் பார்த்தேன். பச்சை விளக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. மேலே ஆளில்லாத ரூமை, அங்கே ஆள் நிரம்பிய ரூமிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஆமான்னு சொல்லுங்க" என்றாள் பத்ருன்னிசா. "இதுல யோசிக்க என்ன இருக்கு? கடை யாருக்காக வச்சிருக்கோம்?"

யோசிக்க இருந்தது. ஆனால் அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். உங்களுக்கும்.

"நானே வந்து சொல்றேன்" என்று எழுந்தேன். படியை முழங்கால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியது. நௌஷின் பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் பத்ருன்னிசா. கல்யாணமானதிலிருந்து, பீரோ தள்ளிய நேரம் போக, அந்த ரூமுக்குள் நான் போனதில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் என் உடம்பு நுழையாது. பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். மேல்கட்டில் தலையில் இடித்தது. திரும்பவும் உட்கார்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா."

நான் பதில் சலாம் சொன்னேன். என் குரல் கேட்டதும், பின்னால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். துண்டை மூடியிருந்தவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒருவர் அவசரமாகச் சட்டை தேடினார். வயசானவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று, அந்த அடைசலுக்குள் என்ன மரியாதை செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் பெருமையாகப் பார்த்த நீலப்பூத் துணி ஓர் ஓரமாகச் சுருண்டு கிடந்தது. துவைத்துத் துவைத்துப் பூ வெளுத்திருந்தது. சாயம் நிற்காத துணி. எனக்கு அது தெரியும்.

"மாமா, நௌஷின் சொன்னதை நீங்க பெருசா எடுத்துக்காதீங்க. கடையில எனக்கு இடம் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னாலும் சொல்லுங்க. நான் தப்பா நெனைக்கமாட்டேன்."

பின்னாலிருந்த எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் என் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும், நான் ஆமாம் என்று சொன்னால் தங்களில் ஒருவன் வீட்டுக்குப் போகிறான் என்பது தெரிந்துவிட்டது.

'ஆமாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாளைக்கு அம்பலவாணனின் கையைக் காலைப் பிடித்தாவது பேச்சை மாற்றிக்கொள்ளலாம் என்றுகூட அதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

ஒரு கை சுவரில். இன்னொரு கை பீரோவின்மேல். எதை எடுத்தாலும் விழுவேன். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"பெரியவரே, போன் அடிக்குது, எடுத்துப் பேசுங்க. நாங்க இருக்கோம்" என்றார் மேல்கட்டிலில் இருந்தவர், மலையாளம் கலந்த தமிழில்.

பின்னால் நின்ற நௌஷின் உதவியாக என் சட்டைப்பையில் கைவிட்டுப் போனை எடுத்து, பொத்தானை அமுக்கி, என் காதில் வைத்தாள். நல்ல பிள்ளை. என் நல்ல காது எது என்றுகூடப் பார்த்து இடது காதில் வைத்தாள்.

"பாய், நான் அம்பலவாணன். காலையிலயே கூப்பிட்டேன், எடுக்கலியே? நாளைக்குக் கடைச் சாவியை நானே வந்து வாங்கிக்கவா, இல்ல குடுத்து விடுறீங்களா? பேர்ப்பலகையை இறக்க ஆளு சொல்லிட்டேன்."

மாடி ரூமில் கேட்டது. பத்ருன்னிசாவுக்குக் கேட்டது. கரண்டு வயர் வழியாக இறங்கி, ஹாலைத் தாண்டி, கடலைத் தாண்டி, அங்கே கட்டில் கட்டிலாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. துண்டுக்காரர் தோளிலிருந்த துண்டை மெதுவாக எடுத்து, மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

மாப்பிள்ளை கையை நீட்டி, சுருண்டு கிடந்த அந்த நீலப்பூத் திரையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார்.

என் காதில் இருந்த போன் மெதுவாக விலகியது. பிடித்திருந்தது அவள் கை.

"எந்தச் சாவி அத்தா?" என்றாள் நௌஷின்.